சாகாத வீரனின் காலி எடை

ஒரு லாரி எவ்வளவு பொய் சொல்லும் என்று நமக்கெல்லாம் தெரியாது. தராசக்காவுக்குத் தெரியும்.

ஜல்லி ஏற்றிக்கொண்டு எடை மேடைக்கு வரும்போது முன்னால் டிரைவர், கிளீனர், கிளீனரின் மச்சான், மச்சானின் நண்பன் என்று நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் கட்டிய தண்ணீர் டிரம் தளும்பும். ஜல்லியைக் கொட்டிவிட்டுக் காலி எடைக்குத் திரும்பும்போது டிரைவர் மட்டும் தனியாக, பாவமாக வருவார். டிரம் காய்ந்து கிடக்கும். முதல் எடையில் இருந்து இரண்டாவது எடையைக் கழித்தால் வருவதுதான் ஜல்லி. அந்தக் கணக்கில் மச்சானும் ஜல்லி, தண்ணீரும் ஜல்லி.

"மத்த மூணு பேரும் எங்கண்ணே?"

"டீ குடிக்கப் போயிருக்காங்க மேடம்."

"குடிச்சிட்டு வரட்டும். நான் இருக்கேன்."

"மூணு பேர் கனத்துல என்ன மேடம் வந்துடப் போகுது?"

"அதையேதான் நானும் சொல்றேன். ஒண்ணும் வந்துடாதுன்னா ஏத்திக்கிட்டு வாங்க."

பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். எட்டுக்குப் பத்து அறை, தூசி படிந்த ஜன்னல், சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி, சீட்டு அச்சடிக்கும் இயந்திரம், ஒரு இறக்கை முனை உடைந்து லொடலொட என்று சுற்றும் மேஜை விசிறி. இவற்றுக்கு நடுவில் மெத்தை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா. டிரைவர்கள் வைத்த பெயர்தான் தராசு. திட்டுவதற்காக வைத்தார்கள். அக்கா அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு போனிலும் அதே பெயரைப் போட்டுக்கொண்டாள்.

அந்தப் போனில்தான் அக்காவின் இரண்டாவது வேலை இருந்தது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. ஒரு மூழ்கிய நகரத்தை அவள் நிர்வாகம் செய்துகொண்டிருந்தாள்.

ரோல்பிளே என்பார்கள். எழுதி விளையாடும் கதை விளையாட்டு. ஒரு குரூப், அதில் ஆளுக்கொரு பாத்திரம். என் ஆள் இதைச் செய்தான் என்று நாலு வரி நான் எழுதினால், அதற்கு உன் ஆள் என்ன செய்தான் என்று நீ நாலு வரி எழுத வேண்டும். இப்படியே கதை நகரும். அக்காவின் கதையில் ஒரு நகரம் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. மிஞ்சியவர்கள் மொட்டை மாடிகளில் வாழ்கிறார்கள். நகரத்துக்கு அடியில் எங்கோ ஒரு பழைய மதகு இருக்கிறது. அதைத் திறந்தால் தண்ணீர் வடியும். மதகு எங்கே என்று காட்டும் வரைபடம் துண்டு துண்டாகக் கிழிந்து பலர் கையில் கிடக்கிறது. நாலு வருடமாக முப்பத்தோரு பேர் சேர்ந்து அந்தத் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மதகைத் திறப்பது என்று நாள் குறித்தாயிற்று.

நகரத்தையே உண்டாக்கியவள் தனக்கு என்ன பாத்திரம் வைத்துக்கொண்டாள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு ஓடக்காரி. ஒரு காது கேட்காது. துடுப்பு ஒன்றே ஒன்று. கூட இருந்து குரூப்பைப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு அட்மினுக்கு மாத்திரை என்று பெயர். நிஜத்தில் மருந்துக்கடைக்காரர். கதையில் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழும் போலி வைத்தியர். எல்லோருக்கும் பிடித்த ஆள் ஒருவர் உண்டு, அவர் குடைக்காரர். ஐந்தாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து குடை தைப்பார். நல்ல பொய் ஒன்று சொன்னால் கூலி வேண்டாம் என்பார். அவரை எழுதிய பெண்ணின் பெயரே குரூப்பில் குடை என்று ஆகிவிட்டது. நீதிமன்றத்தில் தட்டச்சு செய்பவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினம் ஒரு பத்தி எழுதுவாள். ஒரு நாளும் தவறியதில்லை.

விதிகள் மூன்றுதான். அக்காவே எழுதி குரூப்பின் தலையில் ஒட்டியிருந்தாள்.

"உங்க ஆளோட கையை நீங்க ஓங்கலாம். அடி பட்டுச்சா இல்லையான்னு வாங்குறவங்கதான் எழுதணும்."

"நீங்க படிச்சது உங்க ஆளுக்குத் தெரியாது. அவன் அந்த இடத்துல இருந்தாத்தான் தெரியும்."

"எல்லாருக்கும் எங்கயாவது வலிக்கணும்."

வீட்டில் இந்தக் கதைக்கு ஒரு தீவிர ரசிகை இருந்தாள். அக்காவின் மாமியார். படிக்க மாட்டாள். படித்தால் தூக்கம் வருகிறதாம், மருமகள் சொன்னால் வருவதில்லையாம். சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே அன்றைய நிலவரத்தைக் கேட்பாள். குடைக்காரர் பேச்சு வந்தால் கத்தி நின்றுவிடும். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கும் வேலை பார்க்கும் அக்காவின் கணவர், பசியோடு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, "அந்த மாடிக்காரங்க எல்லாம் சாப்பிட்டாச்சா, இல்ல அவங்களுக்கும் லேட்டா?" என்பார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நகரத்துக்கு அந்த மாத ஆரம்பத்தில் ஒருவன் வந்து சேர்ந்தான்.

புதிதாகச் சேருகிறவர்கள் ஒரு விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். அவன் எழுதியது இது. பெயர், அனல்வேந்தன். வயது, மூவாயிரம். சக்திகள், பதினேழு. பார்வையால் எரிப்பான், மனதைப் படிப்பான், சாவு கிடையாது, இன்ன பிற. பலவீனம் என்ற இடத்தில், 'அவனுக்கு அன்பு காட்டத் தெரியாது' என்று போட்டிருந்தான்.

"இது பலவீனமா? இதுக்குப் பேர் எங்க மேனேஜர்," என்றாள் அக்கா.

"கடைசி நாள்ல கூட்டம் வேணும்க்கா. எவனோ பன்னெண்டு வயசுப் பையன். வந்து கத்தியைச் சுத்திட்டு ஓரமா நிப்பான்," என்று மாத்திரை சேர்த்துவிட்டார்.

ஓரமாக நிற்கவில்லை. முதல் நாளே ஏழு பேரோடு சண்டை போட்டான். யார் என்ன வீசினாலும், 'அனல்வேந்தன் லாவகமாக விலகினான்' என்று எழுதினான். மாத்திரை பத்து ஆட்களை வைத்து மேலே இருந்து வலை வீசினார். 'வலை அவன் மேல் பட்டதும் சாம்பலானது' என்று வந்தது. குரூப்பில் ஒருவர், 'அண்ணே, ஒரே ஒரு அடி வாங்குங்களேன், ஆசையா இருக்கு' என்று கெஞ்சினார். அதற்கும் லாவகமாக விலகினான்.

அதுகூடப் பரவாயில்லை. வரைபடத்தின் மூன்றாவது துண்டு, குடைக்காரரின் பழைய தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் இருந்தது. கதைக்குள் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான், குடைக்காரரும் ஓடக்காரியும். அனல்வேந்தன் ஐந்தாம் மாடிக்கு நேராக வந்து இழுப்பறையைத் தொட்டான். எப்படித் தெரிந்தது என்று அக்கா கேட்டாள்.

'அவன் உள்ளுணர்வு சொன்னது' என்று பதில் வந்தது.

'உள்ளுணர்வு இல்லைங்க. பழைய மெசேஜை மேல தள்ளிப் படிச்சிருக்கீங்க,' என்று அக்கா எழுதினாள். 

குடைக்காரர் துண்டைத் தர மாட்டேன் என்றார். அடுத்த மெசேஜ் இப்படி வந்தது. 'அனல்வேந்தன் ஒரு முறை பார்த்தான். குடைக்காரர் சாம்பலானார். அவர் தைத்துக்கொண்டிருந்த குடை மட்டும் மிஞ்சியது.'

 பிறகு குடையிடம் இருந்து ஒரே ஒரு 'சரி' வந்தது. அதன் கீழே 'குடை வெளியேறினார்' என்று போனே எழுதிக்கொண்டது.

மூன்றாம் விதி போனது, இரண்டாம் விதி போனது, இப்போது முதல் விதியும் போயிற்று. ஒரு வாரத்துக்குள் இன்னும் எட்டுப் பேர் கிளம்பினார்கள். கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூடச் சமாதானம் பேசலாம். 'வேலை ஜாஸ்திக்கா', 'போன்ல இடம் இல்லக்கா' என்று மரியாதையாகப் போனார்கள். அந்த மரியாதைதான் அக்காவைச் சாப்பிடவிடவில்லை. நாலு வருடம் கட்டிய நகரம், தண்ணீர் வடிவதற்கு முன்பே ஆள் இல்லாமல் போய்விடும் போலிருந்தது. அப்படியே யாராவது மிஞ்சினாலும் கடைசி ஞாயிறன்று என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். அனல்வேந்தன் ஒரு முறை பார்ப்பான், மதகு திறந்துகொள்ளும். மற்றவர்கள் கைதட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

மாமியாருக்கு விஷயத்தைச் சொன்னபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவரை எரிச்சவன் வீட்டு அட்ரஸ் இருக்கா?"

"கதையில செத்தது அத்தை."

"கதையிலதான் கேக்கிறேன். எந்த மாடி?"

மறுநாள் மதியம் எடை மேடையில் லாரி இல்லாத நேரம் பார்த்து அக்கா ஒரு காரியம் செய்தாள். அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று குரூப்பைப் பூட்டினாள். பிறகு எழுதினாள். 'மேல்மாடித் தண்ணீர்த் தொட்டி உடைந்து அனல்வேந்தன் தலையில் விழுந்தது. அவன் செத்தான். இனி எழ மாட்டான்.' எழுதிவிட்டு ஆளையும் வெளியே தூக்கிப் போட்டாள்.

பூட்டைத் திறந்ததும் ஒரே கொண்டாட்டம். கைதட்டல் படங்கள், விசில் படங்கள், ஆடுகிற பூனைப் படங்கள். மாத்திரை, 'தொட்டியில தண்ணி எத்தனை லிட்டர்க்கா?' என்று கேட்டார். அன்றைக்கு வந்த லாரிக்காரர்களிடம்கூட அக்கா சிரித்துப் பேசினாள். அவர்கள் பயந்துபோய், அவள் கேட்காமலேயே கிளீனரின் மச்சானையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் மாமியார் மருமகளுக்கு இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தாள்.

மறுநாள் விடியற்காலை போனைத் திறந்தால் குடையிடம் இருந்து தனியாக ஒரு மெசேஜ்.

'அக்கா, நடந்ததை ஒருத்தங்க படம் எடுத்து அனுப்பினாங்க. எனக்காகச் செஞ்சீங்கன்னு தெரியும். ஆனா அவர் என்னைக் கேக்காம என் ஆளைக் கொன்னார். நீங்க அவரைக் கேக்காம அவர் ஆளைக் கொன்னீங்க. முன்னாடி நான் ஒருத்தரைப் பாத்துப் பயந்தா போதும். இப்ப ரெண்டு பேர். நான் திரும்ப வரலைக்கா.'

அக்காவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உனக்காகப் போராடினேன், எனக்கே பாடம் சொல்கிறாயா என்று அரைப்பக்கம் தட்டினாள். பஸ் வந்துவிட்டதால் அனுப்பவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து மறுபடி படித்தாள். அதற்குள் கோபம் சுருங்கிப்போய் வேறு ஏதோ ஆகியிருந்தது.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. எடை மேடையில் சேறு. மேலே லாரி இல்லை, ஆள் இல்லை, ஒரு காக்காகூட இல்லை. பெட்டியில் சிவப்பு எழுத்தில் நாற்பது கிலோ என்று ஓடியது. தினமும் காலையில் முதல் வேலை அதுதான். வெறும் மேடை பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அன்றைக்கு வருகிற அத்தனை லாரியும், யோக்கியமான லாரிகூட, பொய்க் கணக்கில்தான் போகும். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையைக் கழுவினாள். இரும்புக் கம்பியால் இடுக்கில் இருந்த கல்லையெல்லாம் நெம்பி எடுத்தாள். பெட்டி பூஜ்யத்துக்கு வந்தது. சேற்றுக் கையோடு மேடையின் ஓரத்திலேயே உட்கார்ந்து மாத்திரைக்குப் போன் போட்டாள்.

"நான் அவரைத் திரும்பச் சேர்க்கப் போறேன்."

"யாரை?"

"அனலை."

மறுமுனையில் யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கும் சத்தம் கேட்டது. "அக்கா, உங்களுக்கு ஜுரமா? கடைக்கு வந்து பாத்துட்டுப் போங்க."

"விதியை எழுதினவ நான். அதை மீறினவளும் நான். அவராவது மூணு விதியைத்தான் உடைச்சார். நான் பூட்டி வச்சுக்கிட்டு உடைச்சேன். யாரும் வாயே திறக்க முடியாம."

"நீங்க அட்மின்க்கா."

"அதான் சொல்றேன். அவர் பதினேழு சக்தி வச்சிருந்தார். என்கிட்ட ஒண்ணுதான், ஆனா அது அந்தப் பதினேழையும் ஒரே அழுத்துல அழிச்சிடுது. அப்ப யார் ஓவரா போனது?"

மாத்திரை வாடிக்கையாளரிடம், "மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்," என்றார். பிறகு இவளிடம், "சரிக்கா," என்றார்.

அன்று குரூப்பில் அக்கா போட்டது நீளமான மன்னிப்பு எல்லாம் இல்லை. தொட்டி விழுந்தது செல்லாது என்றாள். இனிமேல் எந்த அட்மினும் யாருடைய ஆளையும் தொட முடியாது என்றாள். விதியை மீறியதற்கு அபராதமாக ஓடக்காரியின் ஒரே துடுப்பு வெள்ளத்தோடு போய்விட்டது, மதகு திறக்கும் வரை வேறு துடுப்பு கிடைக்காது என்றாள். இதை எழுதியபோது இரண்டு பேர் அழுகிற முகம் போட்டார்கள். ஒருவர் போட்டது சிரிக்கிற முகம். கை தவறிவிட்டதாம்.

அடுத்து அனல்வேந்தனுக்குப் போன் செய்தாள். அப்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"தம்பி, நான் தராசு பேசறேன்."

"வணக்கம் மேடம்." கனமான, களைத்த குரல். "எனக்கு அம்பத்திரண்டு வயசு. இருந்தாலும் தம்பின்னு கூப்பிட்டதுக்கு நன்றி."

அக்கா போனைக் காதில் இருந்து எடுத்து எண்ணை ஒரு முறை சரிபார்த்தாள்.

"சார், நீங்கதான் அனல்வேந்தனா?"

"ஆமா மேடம். தொட்டி விழுந்து செத்தவன்."

"அது செல்லாது சார். அது என் தப்பு. சொல்லத்தான் கூப்பிட்டேன். என்ன வேலை பாக்கறீங்க?"

வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் சென்டர் ஒன்றில் புகார் வாங்கும் மேஜையில் இருக்கிறாராம். பத்தொன்பது வருடம். மெஷினைச் செய்ததும் அவர் இல்லை, விற்றதும் அவர் இல்லை, ரிப்பேர் செய்வதும் அவர் இல்லை. திட்டு வாங்குவது மட்டும் அவர்.

"நேத்து ஒருத்தர் நனைஞ்ச துணியைக் கொண்டாந்து மேஜை மேல போட்டார் மேடம். மூஞ்சியெல்லாம் சோப்புத் தண்ணி. அங்க லாவகமா விலக முடியாது. நாற்காலிக்குப் பின்னாடி சுவர். சாயங்காலமாவது அடி படாத ஆளா இருந்து பாப்போமேன்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. இரண்டையும் விழுங்கினாள். ஏனென்றால் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது.

"சார், குடைக்காரரை எழுதினவங்க கோர்ட்ல டைப் அடிக்கிறாங்க. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அடுத்தவங்க சொல்றதை அப்படியே அடிக்கணும். ஒரு வார்த்தை கூட்ட முடியாது, குறைக்க முடியாது. மத்தியானம் அரை மணி நேரம் அவங்களா எழுதறது அந்தக் குடைக்காரரை மட்டும்தான். அதைத்தான் சார் நீங்க சாம்பலாக்கினீங்க."

மறுமுனையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"எனக்குத் தெரியாது மேடம்."

"தெரியாதுதான். எனக்கும் உங்க சோப்புத் தண்ணி தெரியாது."

"நான் வெளியவே இருந்துடறேன்."

"வேண்டாம். உங்க ஆளைக் காலி எடைக்குக் கொண்டுவாங்க."

"அப்படின்னா?"

"பதினேழு சக்தியையும் இறக்கி வச்சிடுங்க. மிச்சம் என்ன இருக்குன்னு ஒரு பக்கம் எழுதுங்க. என்ன சாப்பிடுவான், எங்க வலிக்கும், எதைப் பாத்தா பயம். அதுக்கப்புறம் ஒவ்வொரு சக்தியா ஏத்தலாம். ஏத்தும்போது அதுக்கு என்ன விலைன்னு மத்தவங்க எழுதுவாங்க. நீங்க இல்ல."

"எல்லாத்தையும் இறக்கினா அவன்கிட்ட ஒண்ணுமே இருக்காது மேடம்."

"காலி லாரியே ஒன்பது டன் இருக்கும் சார். எழுதிப் பாருங்க."

இரண்டு நாள் கழித்து ஒரு பக்கம் வந்தது. அனல்வேந்தன் மூவாயிரம் வருடமாக நின்றுகொண்டே இருக்கிறான் என்று அதில் இருந்தது. அவனிடம் யாரும் உட்காரச் சொன்னதில்லை. யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் அங்கிருந்து போய்விடுவான். தெரிந்தவர்கள் எல்லோரும் செத்துப்போனதால் அவனுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடும் ஆள் கிடையாது. தன் பேர் மறந்துவிடக் கூடாது என்று தினமும் ஒரு முறை தானே சத்தமாகச் சொல்லிக்கொள்வான்.

அக்கா அதை மாமியாருக்குப் படித்துக் காட்டினாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"அவன் எந்த மாடியில நிக்கறான்?"

"எதுக்கு அத்தை?"

"சும்மாத்தான் கேட்டேன்."

சக்திகளுக்கு விலை எழுதும் வேலை மூன்று நாள் நடந்தது. மாத்திரை ஆசையாகக் காத்திருந்து முதல் விலையை எழுதினார். 'யார் மனதைப் படித்தாலும் அவர்களுடைய பல்வலி இவனுக்கு வரும்.' அனல் மூன்று பேர் மனதைப் படித்துவிட்டு அந்தச் சக்தியையே இறக்கி வைத்தார். உடனே அக்கா மாத்திரை பக்கம் திரும்பினாள். நாலு வருடமாக அவருடைய போலி வைத்தியர் எந்த வாக்குவாதத்திலும் தோற்றதில்லை என்று எடுத்துக் காட்டி, அவரையும் மேடையில் ஏற்றினாள். அவருக்கு விலை எழுதப் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் ஏறினார்கள். குரூப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் ஆளைக் காலியாக எழுதினார்கள். நாலு வருடத்தில் வந்ததிலேயே நல்ல எழுத்து அந்த மூன்று நாளில்தான் வந்தது. இதை அக்கா சொல்லிக்கொள்ள மாட்டாள். நாம்தான் சொல்ல வேண்டும். அந்த வழி எந்தப் புத்தகத்திலும் இல்லை. லாரிப் புகையில் உட்கார்ந்துகொண்டு அவளாகக் கண்டுபிடித்தது.

கடைசியாக இரண்டு சக்திகளுக்கு யாரும் விலை எழுதவில்லை. பார்வையால் எரிப்பதும், சாவே இல்லாததும். அவற்றுக்கு விலை சொல்லும் உரிமை ஒருத்திக்குத்தான் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா குடைக்கு அந்த ஒரு பக்கத்தை அனுப்பினாள். சோப்புத் தண்ணீர் விஷயத்தையும், சொல்லலாமா என்று அனலிடம் கேட்டுக்கொண்டு எழுதினாள். குடைக்காரர் திரும்ப எழுந்து வரவேண்டுமா என்றும் கேட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது.

'வேண்டாம்க்கா. செத்தது செத்ததாவே இருக்கட்டும். இல்லேன்னா அதுக்கு மதிப்பு இல்லாம போயிடும். எரிக்கிற பார்வையை அவர் இனிமே தொடக் கூடாது. சாகாம இருக்கட்டும். ஆனா மிஞ்சின அந்தக் குடையை அவர் எப்பவும் விரிச்சுப் பிடிச்சிருக்கணும். கீழ வைக்க முடியாது. அடுத்தவங்ககிட்டயும் குடுக்க முடியாது. ஒரு கை குடைக்குப் போயிடும். மிச்சம் இருக்கிற ஒரு கையை வச்சு அவர் என்ன வேணா பண்ணட்டும்.'

அனல் அதைப் படித்துவிட்டு, 'ஒத்துக்கறேன். நல்ல விலை' என்று எழுதினார்.

கடைசி ஞாயிறு. மதியம் மூன்று மணி. அக்கா கூடத்தில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாமியார் எதிரே. கணவர், "நான் ஓரமா இருக்கேன், எனக்குக் கதை தெரியாது," என்று சொல்லிக்கொண்டே எல்லோரையும்விட நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். போனவர்களில் ஆறு பேர் திரும்பியிருந்தார்கள். குடை வரவில்லை.

ஆட்கள் ஒவ்வொருவராக, வெள்ளம் முழுதும் புகாத ஒரு பழைய சுரங்கம் வழியாக நகரத்தின் அடித்தளத்துக்கு இறங்கினார்கள். இருட்டு, மார்பளவு தண்ணீர். சுவரில் மதகின் இரும்புச் சக்கரம், இரண்டு கையை அகல விரித்தால்தான் எட்டும். முன்னால் போய் வழியை மறித்த இடிபாடுகளைத் தள்ளியது அனல்வேந்தன்தான். உத்தரம் இரண்டு முறை அவன் மேல் விழுந்தது. இரண்டு முறையும் 'விழுந்தது, வலித்தது' என்று அனல் எழுதினார். யாரும் கேட்காமலே எழுதினார்.

சக்கரத்தின் முன்னால் வந்து நின்றான். எல்லோரும் காத்திருந்தார்கள்.

'அனல்வேந்தன் வலது கையால் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினான். அசையவில்லை. இடது கையைப் பார்த்தான். குடை இருந்தது.'

கொஞ்ச நேரம் கழித்து அடுத்த வரி வந்தது.

'மூவாயிரம் வருடத்தில் முதல் முறையாக அவன் திரும்பிப் பார்த்துக் கேட்டான். யாராவது ஒரு கை கொடுங்கள்.'

"அய்யோ பாவம்," என்றாள் மாமியார். இவனுடைய மாடியைத் தேடியவள்.

மாத்திரை தட்டிக்கொண்டிருப்பதாகப் போன் காட்டியது. அவருக்கு முன்னால் வேறொரு வரி வந்து விழுந்தது. 'குடை சேர்ந்தார்.'

அதன் கீழே உடனே, 'மேல்மாடியில் துணி உலர்த்தும் பெண்ணொருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இவள் புதியவள். இவளுக்கு நீச்சல் தெரியாது. பயந்துகொண்டேதான் இறங்கினாள். சக்கரத்தின் மறுபக்கத்தைப் பிடித்தாள். பேர் என்ன என்று அவனைக் கேட்டாள்.'

'அனல்வேந்தன் பேர் சொன்னான். இந்த முறை தனக்காகச் சொல்லவில்லை' என்று வந்தது.

அதற்குப் பிறகு மெசேஜ்கள் மழையாக விழுந்தன. போலி வைத்தியர் ஒரு கை, அவருக்குப் பின்னால் மீன்காரி ஒரு கை, ஏழாம் மாடிக் கடிகாரக்காரர் ஒரு கை. சக்கரம் கால் சுற்று நகர்ந்தது, அரைச் சுற்று நகர்ந்தது. யாரும் யாருடைய கையையும் எழுதவில்லை. அவரவர் கையை அவரவர் எழுதினார்கள். ஓடக்காரிக்குத் துடுப்பு இல்லை. அவளுடைய ஓடம் வடக்கு மாடிகளுக்கு அப்பால் போன போக்கில் மிதந்துகொண்டிருந்தது. மதகுக்கு அவள் வர வழியே கிடையாது. இந்த நகரத்தைக் கட்டியவள் அதன் பெரிய நாளில் தன் கூடத்தில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்தாள். விரல் பரபரத்தது. போனை மடியில் கவிழ்த்து வைத்து விரலை அடக்கிக்கொண்டு, மறுபடி நிமிர்த்தினாள்.

சக்கரம் முழுச் சுற்று சுற்றியது. தண்ணீர் வடிந்தது. நாலு வருடக் கதையின் உச்சத்தில் அக்கா எழுதியது ஒரே வரி.

'ஓடம் தரை தட்டியது. ஓடக்காரி இறங்கி நின்று பார்த்தாள்.'

அதை அனுப்பிவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நீ ஒரு கைகூடக் குடுக்கலையே," என்றாள் மாமியார், மனத்தாங்கலோடு.

"எனக்கு அங்க வேலையே இல்லாம போச்சு அத்தை," என்றாள் அக்கா. சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்திருக்க வேண்டும்.